ஓ.பி. சீட்டில் இல்லாத கட்டம்

(பொன்னேரியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சினூடே வந்த கிளைக்கதைகள் சிலவற்றை நீக்கியிருக்கிறேன்.)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'பொதுச் சுகாதாரப் பாதுகாப்பில் ஒரு தேசிய அமைப்பின் பங்கு'. இது டெல்லியில் பேச வேண்டிய தலைப்பாயிற்றே என்றார் நண்பர் ஒருவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கிருந்து தெற்கே போனால் மீஞ்சூர் தாண்டி வள்ளூர். 1500 மெகாவாட் அனல்மின் நிலையம். அதை ஒட்டி அத்திப்பட்டு, சாம்பல் குளத்தின் கரையிலேயே குடியிருக்கும் செப்பாக்கம். வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட், அதன் உருக்காலைகள். நாட்டு மக்களின் உடல்நலத்தைக் காக்கும் அமைப்பு ஒன்று என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியை இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று கேட்டால்தான் பதில் உருப்படியாக வரும்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. ஆலையின் மாசைப் பதிவு செய்கிறவர் ஒருவர். நோயாளியைப் பதிவு செய்கிறவர் வேறொருவர். இருவரும் சந்திப்பதில்லை. மாசு இருந்த இடத்தில் கிடக்க, நோயாளி தன் ஊருக்குப் போய்விடுகிறார். இரண்டு பதிவேடுகளையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்கும் வேலை தேசிய அமைப்பினுடையது. மாநிலம் தனியாகச் செய்யக்கூடியதன்று. இதை ஆறு கூறுகளாகச் சொல்கிறேன்.

1. காப்பும் சிகிச்சையும்

மருத்துவமனை தன்னிடம் வந்தவரைக் கவனிக்கிறது. பாதுகாப்பு அமைப்பின் கவனம் இன்னும் வராதவர்மீது இருக்க வேண்டும். பிரிட்டன் 2003இல் உடல்நலப் பாதுகாப்பு முகமை என்று ஒன்றைத் தொடங்கியபோது தொற்றுநோய், ரசாயன விபத்து, நஞ்சு ஆகியவற்றை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. பிறகு கதிர்வீச்சும் சேர்ந்தது. 2005 டிசம்பரில் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கு பற்றி எரிந்து கரும்புகை தென் இங்கிலாந்தை மூடியபோது, அந்தப் புகையால் மக்களுக்கு என்ன ஆகும் என்று சொல்லும் பொறுப்பு யாருடையது என்ற குழப்பம் அங்கே எழவில்லை. அந்த முகமை 2013இல் வேறொன்றோடு இணைக்கப்பட்டது, 2021இல் மறுபடியும் உரு மாறியது. பெயர்கள் மாறின, கிருமியும் நஞ்சும் ஒரே அமைப்பின் கண்ணில் பட வேண்டும் என்ற ஏற்பாடு மாறவில்லை.

2. கொசுவில் தொடங்கிய வரலாறு

நம்மிடம் அமைப்பு இல்லாமல் இல்லை. 1909இல் கசௌலியில் மத்திய மலேரியா அலுவலகமாகத் தொடங்கி, பின் டெல்லிக்கு வந்து, 1963இல் தேசியத் தொற்றுநோய் நிறுவனமாகி, 2009 முதல் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் என்ற பெயரில் இயங்குவது அது. அதன் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. நரம்புச்சிலந்தி நோயை இந்த நாட்டில் ஒழித்தவர்கள் அவர்கள். காலில் கொப்புளம் வெடித்து முழநீளப் புழு வெளியே வருவதைக் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. ஊர் ஊராகப் போய்க் குளத்தையும் படிக்கிணற்றையும் கணக்கெடுத்து, ஒவ்வொரு நோயாளியையும் பெயர் சொல்லித் தேடினார்கள். கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில். 2000இல் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

தமிழ்நாட்டுக்கும் பெருமை உண்டு. தனிப் பொதுச் சுகாதாரத் துறை கண்டு நூறாண்டு கடந்த மாநிலம் நம்முடையது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்கு இணையான சட்டம் பல மாநிலங்களில் இன்றைக்கும் இல்லை.

ஆனாலும் டெல்லி, சென்னை இரண்டும் கிருமியைத் தேடப் பழகிய கண்கள். 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் மஞ்சள் காமாலையையும் வாராவாரம் எண்ணியது. 2021 முதல் அந்தப் பதிவு இணையத்தில் உடனுக்குடன் ஏறுகிறது. கிராமச் சுகாதார செவிலியர் தன் கைபேசியில் அதை நிரப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு தெருவில் நாலு பேருக்கு வாந்திபேதி என்றால் மாவட்டத் தலைமையகத்துக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். அதே தெருவில் நாலு பேர் ஒரே ஆலையில் வேலை பார்த்து, நாலு பேருக்கும் ஆறு மாதமாக மூச்சு வாங்குகிறது என்றால் அதை ஏற்ற அவருக்கு இடமில்லை.

3. ஓ.பி. சீட்டு

பல ஆண்டுகளுக்கு முன் இந்த மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் இளம் மருத்துவன். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பகல் ஒரு மணிக்குள் நூறு பேருக்கு மேல் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு நாள் ஒடிசாக்காரர் ஒருவர் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பேச்சு பாதி இந்தி, மீதி கும்மிடிப்பூண்டியில் கற்ற தமிழ். "மூணு மாசமா இருமல் சார், படி ஏற முடியல" என்றார். நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது; சுண்ணாம்பு வேலை என்று நினைத்துக்கொண்டேன். சளியில் காசநோய்க் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலின் மேற்பகுதியிலும் மணல் தூவியதுபோலப் புள்ளிகள். நான் காசநோய் என்றே எழுதி மாத்திரை தொடங்கினேன்.

அவர் பார்த்தது பர்னஸ் லைனிங் வேலை என்பது பிற்பாடுதான் தெரிய வந்தது. ஷிப்டு முடித்து நேராக இந்த அவைக்கு வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களுக்கு அது என்னவென்று தெரியும், மருத்துவ மாணவர்களுக்காகச் சொல்கிறேன். மின்தூண்டல் உலையில் இரும்பு உருகும்போது உலையின் சுவர் உருகாமல் இருக்க உள்ளே ஒரு பூச்சு வேண்டும். அந்தப் பூச்சு பெரும்பாலும் வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லைப் பொடித்த தூள், அதாவது சிலிக்கா. உருக்கி உருக்கி அது தேய்ந்துபோகும். அப்போது உலையை ஆறவிட்டு, ஆள் இறங்கி, பழைய லைனிங்கை உடைத்தெடுத்து, புதுத் தூளைக் கொட்டி இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். உலைக்குள் காற்றோட்டம் கிடையாது. முகத்தில் ஒரு துண்டு. எழும் தூசியில் கண்ணுக்குத் தெரிகிற பெரிய துகள்கள் மூக்கோடு நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரைக்கும் போய்த் தங்கி, அந்த இடத்தைத் தழும்பாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்று பெயர். அதற்கு மருந்து இல்லை. காசநோயும் எளிதில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் மருத்துவனின் கண்ணைக் கட்டிவிடும் நோய் அது.

நான் அவரிடம் என்ன வேலை என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றாததற்கு என் அவசரம் ஒரு காரணம். அதை நான் மறைக்க விரும்பவில்லை. நான் எழுதிய சீட்டு இன்னொரு காரணம். அதில் பெயர், வயது, ஆண்/பெண், ஊர் என்று கட்டங்கள் இருந்தன. தொழில் என்று ஒரு கட்டம் இருக்கவில்லை.

இத்தாலியில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவர் 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஹிப்போகிரட்டஸ் காலத்திலிருந்து மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்டுவரும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், நீ என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்க வேண்டும் என்று அவர் அதில் வற்புறுத்தினார். மூன்று நூற்றாண்டு ஆகிறது.

சட்டம் கேட்கச் சொல்லியிருக்கிறது. சிலிக்கோசிஸ், ஈய நஞ்சேற்றம் போன்ற நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் காணும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் பயிற்சி மருத்துவர்களைக் கேட்கிறேன்: அந்தப் படிவத்தை யாராவது கையில் எடுத்துப் பார்த்ததுண்டா? நானும் என் பணிக்காலத்தின் முதல் பத்தாண்டில் பார்த்ததில்லை.

ஈயத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் தொழில் இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. அங்கே வேலை செய்கிறவர் சட்டையை மாற்றாமல் வீட்டுக்கு வந்தால், சட்டையில் ஒட்டிய ஈயத்தூள் மடியில் ஏறும் குழந்தைக்குப் போகிறது. ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்று கிடையாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 2000இல் நாடு முழுதும் பெட்ரோலில் ஈயத்தை நிறுத்தினோம். அது பெரிய காரியம். உருக்குகிற ஊரில் குழந்தைகளின் ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்பதை ஆண்டுதோறும் அளந்து பார்ப்பது அதைவிடச் சின்னக் காரியம். அதைத்தான் செய்யாமல் இருக்கிறோம்.

4. நோய் ரயிலேறிப் போகிறது

'இதெல்லாம் மாநில அரசு செய்யக்கூடியதுதானே, தேசிய அமைப்பு எதற்கு?' என்று கேட்பீர்கள். என் உரையின் மையமே இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி உலைகளில் நிற்பவர்கள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஊர்களிலிருந்து வந்தவர்கள். மூச்சுவிட முடிகிற வரைக்கும் இங்கே இருப்பார்கள். முடியாமல் போனதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஹௌரா பக்கம் போகிற ரயிலைப் பிடிப்பார்கள். சாவு அங்கே நடக்கும். தமிழ்நாட்டின் எந்தப் பதிவேட்டிலும் அது வராது. அவர் போய்ச் சேர்ந்த மாவட்டத்தின் மருத்துவருக்கோ இந்த உலையைப் பற்றி எதுவும் தெரியாது. சற்று வடக்கே ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். தடாவிலும் ஸ்ரீசிட்டியிலும் வேலை பார்க்கிறவர் இந்தப் பக்கம் குடியிருக்கிறார், இந்தப் பக்கத்தவர் அங்கே போகிறார். மாநில எல்லை ஆலைக்குத்தான் உண்டு, நுரையீரலுக்கு இல்லை.

இது என் கற்பனை அல்ல என்பதற்கு ஒரு வழக்கு போதும். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் மாவட்டங்களின் பழங்குடி மக்கள் குஜராத்தின் கோத்ரா பக்கத்தில் குவார்ட்ஸ் கல் அரைக்கும் ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். சில மாத வேலைதான். திரும்பி வந்து வீட்டுக்கு வீடு செத்தார்கள். தூசி குஜராத்தில், பிணம் மத்தியப் பிரதேசத்தில். இரண்டையும் முடிச்சுப்போட்டது எந்தச் சுகாதார அமைப்பும் அன்று. அந்த மக்களும் அவர்களோடு நின்ற தன்னார்வலர்களும்தான் பட்டியல் போட்டார்கள். 2010இல் தேசிய மனித உரிமை ஆணையம் இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்ச ரூபாய் தரும்படி குஜராத்துக்குப் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்ட பிறகே அதற்கு வழி பிறந்தது. 238 பேரும் ஒரே நாளில் சாகவில்லை. முதல் பத்துப் பேர் செத்தபோதே இரண்டு மாநிலப் பதிவுகளையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் அலுவலகம் இருந்திருந்தால் அந்த ஆலைகளை நிறுத்தியிருக்கலாம்.

முடியாத காரியமா இது? காசநோயில் செய்து காட்டியிருக்கிறோம். 2012 முதல் ஒவ்வொரு காசநோயாளியையும் நிக்ஷய் என்ற தேசியப் பதிவில் ஏற்றுகிறோம். அவருக்கென்று ஓர் எண் உண்டு. கும்மிடிப்பூண்டியில் மாத்திரை தொடங்கியவர் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துக்குப் போனால், அவரை அங்குள்ள மையத்துக்கு மாற்றிவிட முடியும். அதே உலையில் நின்ற அவருடைய தோழருக்குச் சிலிக்கோசிஸ் என்றால் அவருக்கு எண் இல்லை, மாற்றல் இல்லை. அகமதாபாத்தில் தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் இருக்கிறது. நுரையீரல் கெடுவதை ரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தைக் கொண்டு முன்கூட்டியே அறியும் சோதனையைக்கூட அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். 2019இல் ராஜஸ்தான் அரசு தூசி நோய்களுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்துப் பாதிக்கப்பட்டோரைப் பதிவு செய்கிறது. தமிழ்நாடு 2024 முதல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று ஆலை வாசலுக்கே போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறது. ஆலை வாசல் வரைக்கும் போன செவிலியரின் கையில் மூச்சளவு பார்க்கும் ஒரு கருவியையும் கொடுத்துவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். துண்டு துண்டாக எல்லாம் இருக்கிறது. கோக்கும் நூல் டெல்லியிலிருந்து வர வேண்டும்.

5. டிசம்பர் 26, இரவு

2023 டிசம்பரை இந்த வட்டாரம் மறக்காது. முதல் வாரம் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. காட்டுக்குப்பத்து மீனவர்கள் தங்கள் படகிலிருந்தும் வலையிலிருந்தும் அதை வாளியிலும் மக்கிலும் வழித்தெடுத்தார்கள். கழிமுகத்தில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு உடம்பேதான் வலை. மருத்துவ முகாம் நடந்தது, களிம்பு கொடுத்தார்கள். யார் எத்தனை நாள் எண்ணெயில் நின்றார் என்ற பட்டியல் எடுக்கப்பட்டதாக அந்த ஊரில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தின் கடலோரத்தில் உரத் தொழிற்சாலை ஒன்றுக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிந்து, தொண்டை அடைத்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் ஓடினார்கள். நாற்பது பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஆலை வாசலில் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. இருக்கலாம் என்று வைத்திருக்கும் வரம்பு 400.

ஓடியவர்களுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று யார் சொல்வது? காற்று எந்தத் திசையில் வீசுகிறதோ அதற்குக் குறுக்கே ஓட வேண்டும். ஈரத்துணியால் மூக்கை மூட வேண்டும். கண்ணைக் கால் மணி நேரமாவது தண்ணீரால் கழுவ வேண்டும். மூன்றே வாக்கியம். கைபேசியில் முதல் பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்திருக்க வேண்டிய வாக்கியங்கள். வருகிறவர்களைத் தாக்கியது என்ன வாயு, அவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவமனைக்கு அடுத்த பத்து நிமிடத்தில் தெரிய வேண்டும். டெல்லி எய்ம்ஸில் 1995 முதல் தேசிய நஞ்சுத் தகவல் மையம் இயங்குகிறது. அதன் எண் இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு அவசரப் பிரிவுச் சுவரிலும் இருக்கிறதா என்று நாளைக்குக் காலையில் மாணவர்கள் போய்ப் பாருங்கள்.

அதைவிடக் கடினம் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் செய்ய வேண்டிய வேலை. போபாலில் 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு வந்தது என்ன வாயு, அதற்கு என்ன மாற்று மருந்து என்றே மருத்துவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பாதிக்கப்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 1994இல் அந்த ஆய்வுகளை முடித்துக்கொண்டது. அங்கே சுற்றுச்சூழல் உடல்நலத்துக்கென்று ஒரு தேசிய நிறுவனம் எழுந்தது 2010இல். இடையில் விட்டுப்போன பதினாறு ஆண்டுகளில் பிறந்தவர்கள், இறந்தவர்கள், புற்றுநோய் கண்டவர்கள் எல்லாரையும் இனி யார் எண்ணுவது? பெரியகுப்பத்தில் அன்றிரவு மூச்சுத் திணறிய ஒரு குழந்தைக்கு இன்று இளைப்பு இருந்தால், அது அந்த இரவினாலா இல்லையா என்று சொல்ல ஒரு பெயர்ப் பட்டியல் வேண்டும். அது நீதிமன்றத்துக்கு வேண்டும், தாய்க்கும் வேண்டும்.

6. கேட்கும் உரிமை

சுருக்கமாக ஒன்று. அமெரிக்காவில் லவ் கெனால் என்ற குடியிருப்பு ரசாயனக் குப்பைமேல் கட்டப்பட்டது தெரியவந்து நாடே அதிர்ந்த பிறகு, 1980இல் நச்சுப் பொருள்களுக்கென ஒரு தனி முகமையை ஏற்படுத்தினார்கள். எங்கள் ஊரில் நோய் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று சாதாரணக் குடிமகன் அதனிடம் மனுப் போடலாம். அந்நாட்டின் ஏற்பாடுகளும் அசையாதவை அல்ல: 2025இல் மில்வாக்கி நகரப் பள்ளிகளில் ஈயம் கண்டு மத்திய உதவி கேட்டபோது, மத்திய அரசின் ஈயப் பிரிவு வல்லுநர்களை வேலையிலிருந்து நீக்கியிருந்ததால் உதவி மறுக்கப்பட்டது. ஆகவே அமைப்பு இருந்தால் போதாது. ஒரு கையெழுத்தில் கலைக்க முடியாதபடி அதைச் சட்டத்தில் ஊன்ற வேண்டும்.

செப்பாக்கத்து மக்கள் சாம்பலைப் பற்றி எழுதாத மனு இல்லை. மாசு வாரியத்துக்கு எழுதினார்கள், ஆட்சியருக்கு எழுதினார்கள், பசுமைத் தீர்ப்பாயம் வரை விஷயம் போனது. அங்கெல்லாம் சாம்பலை அளந்தார்கள், தண்ணீரை அளந்தார்கள். எங்கள் நெஞ்சை அளந்து சொல்லுங்கள் என்று கேட்கத்தான் அவர்களுக்கு ஒரு முகவரி இல்லை. அந்த மனுவை வாங்கியே தீர வேண்டிய, குறித்த நாளுக்குள் ஆய்ந்து முடிவை ஊர்க் கூட்டத்தில் தமிழில் படித்துக் காட்ட வேண்டிய கடமை தேசிய மையத்துக்கு விதிக்கப்பட வேண்டும். முடிவு ஆலைக்குச் சாதகமாக இருந்தாலும் படிக்கட்டும். மறைத்து வைப்பதைவிட அது மேல்.

இவ்வளவையும் டெல்லி செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி ஒன்றியங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓ.பி. சீட்டு அடிக்கும் கணினியில் இரண்டு கட்டங்களைச் சேர்க்கலாம்: என்ன வேலை, சொந்த ஊர் எது. ஓராண்டு நிரப்பிப் பாருங்கள். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு டெல்லிக்குப் போக நான் முன்னால் நிற்கிறேன்.

அந்த ஒடிசாக்காரர் மூன்றாம் முறை மாத்திரை வாங்க வரவில்லை. ஊருக்குப் போய்விட்டதாக உடன் தங்கியிருந்த பையன் வந்து சொன்னான். என்ன வேலை பார்த்தார் என்பதையும் அவன்தான் சொன்னான். அவர் விட்டுச்சென்ற எக்ஸ்ரே, காக்கி உறையோடு இன்னமும் என்னிடம் இருக்கிறது. பாடம் எடுக்கும்போது அதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவேன். உறைமேல் என் கையெழுத்தில் பெயர், வயது இருக்கிறது. ஊர் என்ற இடத்தில் கும்மிடிப்பூண்டி என்று எழுதியிருக்கிறேன்.